சீமெந்தும் சிரட்டையும்

கலையில் அரசியல் கலந்தால் கலை கெட்டுவிடும் என்ற பழைய வாதத்தை இன்னும் நம்மிடையே கேட்கிறோம். இப்படி வாதிப்போர் ஒருமுறை ஏ-9 வீதி வழியாகக் கிளிநொச்சிக்கு வரட்டும். 2009இல் போர் முடிந்தபின் இராணுவத்தினர் அந்நகரில் ஒரு வெற்றிச் சின்னத்தை எழுப்பினர். பெரியதொரு சீமெந்துக் கட்டி. அதனைத் துளைத்து நிற்கும் குண்டு. உச்சியில் மலர்ந்த தாமரை. இதுவும் சிற்பந்தானே? இதில் அரசியல் கலந்துவிட்டதென்று நம் தூய கலைவாதிகள் எவரும் வருந்தக் காணோம்.

அச்சிற்பத்தைக் கலைக் கண்ணோடு பார்ப்போம். குண்டு பாய்ந்த கல்லிலே தாமரை பூக்கிறது. அழிவே அமைதியை ஈன்றது என்பது அதன் வாதம். அந்நகரில் வாழ்ந்தவர்கள் அதில் எங்கே? உழவன் இல்லை, ஆசிரியன் இல்லை, 2008இல் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கு நோக்கிப் பெயர்ந்த தாய் இல்லை. புதுக்குடியிருப்பில் எழுந்த மற்றொரு சின்னத்தில் மனிதன் உண்டு; ஆனால் அவன் துப்பாக்கி உயர்த்திய படைவீரன்.

இதே வன்னியில், கொத்தனோ சிற்பியோ இன்றி, மக்களே ஆக்கிக்கொண்ட நினைவுக் கலை ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் மே 18ஐ அண்டிய நாட்களில் அரிசியும் நீரும் உப்பும் இட்டுக் காய்ச்சிய கஞ்சியைச் சிரட்டையில் வார்த்து வழங்குகிறார்கள். முள்ளிவாய்க்காலின் இறுதி நாட்களில் உயிரைப் பிடித்து வைத்தது அக்கஞ்சியே. உணவுக்கு வரிசையில் நின்றவர்கள் அருகே எறிகணைகள் வீழ்ந்ததை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. கஞ்சி காய்ச்சுவது கலையாகுமா என்று கேட்கலாம். நந்திக்கடலருகே வற்றாப்பளையில் கடல்நீரால் விளக்கெரித்துக் கண்ணகிக்குப் பொங்கும் மக்களிடம் அக்கேள்வி செல்லாது. அரசனிடம் நீதி கேட்டவளைப் பானையும் நெருப்பும் கொண்டு நினைப்பவர்கள் அவர்கள். பார்வையாளன் என்று ஒருவன் ஒதுங்கி நிற்க இக்கலை இடந்தருவதில்லை. சிரட்டையை வாங்கியவன் குடித்தே ஆகவேண்டும். உப்பு நாவிற் படும்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் நம் பக்கத்து மேடைகளும் பாடல்களும் வீரனையே பாடின. துயிலும் இல்லங்களில் (இராணுவம் பின்னர் அவற்றை இடித்துத் தள்ளியதை மன்னிக்க இயலாது) போராளிக்குக் கல்லறை இருந்தது. பதுங்குகுழியில் மாண்ட கிழவிக்கு இல்லை. கஞ்சியில் தலைவனும் கொடியும் இல்லை. பசித்தவன் மட்டுமே இருக்கிறான். 1914இல் போருக்கு மகனைப் பறிகொடுத்த ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ், 1932இல் பெல்ஜியத்துப் போர்வீரர் மயானத்தில் நிறுத்திய சிலைகளும் இத்தகையனவே: மண்டியிட்ட தந்தை, மண்டியிட்ட தாய், வேறொன்றுமில்லை.

வீரம் பேசாத இந்நினைவே ஆட்சியாளரை அதிகம் உறுத்துகிறது போலும். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கிய பெண்கள் கைதுசெய்யப்பட்டனர். மறுபுறம், அகப்பையை ஏந்திப் படம்பிடித்துக்கொள்ளும் நம் தலைவர்களையும் காண்கிறோம். கஞ்சிக்கு மேடையும் மாலையும் போட்டு உரையாற்றத் தொடங்கினால் அதுவும் சீமெந்தாய் இறுகிவிடும். ஆசிரிய நண்பர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அக்கஞ்சியைப் பற்றிப் பாட்டிமார் சொல்வதைப் பிள்ளைகளிடம் எழுதிவரச் சொல்லுங்கள்: எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு நீர், விறகு எங்கிருந்து வந்தது, யாருக்கு முதலில் வார்த்தார்கள், யார் திரும்பி வரவில்லை.