நிலாவில் ஆடினால் ரன் அவுட் கூடும்

அறிவியல் புனைகதைப் பைத்தியம் ஒருவனை விளையாட்டுப் பக்கத்தில் எழுத விட்டால் அவன் முதலில் எடுக்கும் ஆட்டம் 1971 பிப்ரவரி 6-ல் நடந்ததாகத்தான் இருக்கும். களம், நிலாவின் ஃப்ரா மௌரோ பகுதி. ஆட்டக்காரர், அப்போலோ 14 பயணத்தின் தலைவர் ஆலன் ஷெப்பர்ட். வயது 47. மண் மாதிரி அள்ளும் கருவியின் கைப்பிடியில் ஆறாம் எண் அயர்ன் என்ற கோல்ஃப் மட்டையின் தலையை மாட்டிக்கொண்டார். விறைத்து நிற்கும் விண்வெளி உடைக்குள் இரண்டு கைகளையும் சேர்த்து மட்டையைப் பிடிக்க வழியில்லை. ஒற்றைக் கையால்தான் வீசினார். முதல் வீச்சில் கிளம்பியது பெரும்பாலும் புழுதி. அப்புறம் ஒரு பந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. அடுத்த பந்து நன்றாகப் பட்டதும் மைல் கணக்கில் போகிறது என்று குதூகலித்தார். 2021-ல் ஆண்டி சாண்டர்ஸ் என்ற பட வல்லுநர் நாசாவின் பழைய படச்சுருள்களைத் துலக்கி அளந்தார். ஒன்று 24 கஜம், மற்றது 40 கஜம்.

சிரிக்கலாம்தான். ஆனால் ஸ்கோரை மட்டும் பார்த்து ஆட்டக்காரரை எடைபோடக் கூடாது. பூமியில் ஒரு தொழில்முறை வீரர் கொடுக்கும் வேகத்தையும் நல்ல கோணத்தையும் கொடுத்தால் நிலாவில் பந்து ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்; ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பு, தடுக்கக் காற்றும் இல்லை. ஷெப்பர்டைத் தோற்கடித்தது அவர் போட்டிருந்த உடை. தோள் திரும்பாது, இடுப்பு வளையாது, குனிந்து பந்தைப் பார்ப்பதே பாடு. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஹூஸ்டனிலிருந்து பேசிக்கொண்டிருந்த ஃப்ரெட் ஹேய்ஸ், ஒரு பந்து ஸ்லைஸ் ஆனது போலிருக்கிறதே என்று சீண்டினார். பந்து சுழன்றபடி காற்றைத் தள்ளினால்தான் பாதை வளையும். காற்றே இல்லாத இடத்தில் ஸ்லைஸ் ஏது? கோணலாக அடித்தால் கோணலாகவே நேர்கோட்டில் போகும். நக்கல் அருமை, இயற்பியல் அவுட்.

அடுத்த ஆண்டு, மியூனிக் ஒலிம்பிக் நடந்த 1972-ல், அப்போலோ 16-ன் ஜான் யங்கும் சார்லி டியூக்கும் நிலாவில் குட்டி ஒலிம்பிக் நடத்த ஆசைப்பட்டார்கள். டியூக் உயரம் தாண்ட எம்பினார். முதுகிலிருந்த உயிர்காப்புப் பெட்டி அவரைப் பின்னுக்குச் சாய்க்க, மல்லாந்து விழுந்தார். பெட்டி உடைந்திருந்தால் உயிர் போயிருக்கும். அத்தோடு போட்டி முடிந்தது.

உயரம் தாண்டுதல் பற்றி நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி ஒரு கணக்கு ஓடும். கியூபாவின் சோடோமேயர் 1993-ல் தாண்டியது 2.45 மீட்டர், ஆறால் பெருக்கு, நிலாவில் 14.70! தவறு. தரையை விட்டுக் கால் எழும் நொடியில் அவருடைய உடலின் நடுப்புள்ளி ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதற்கு மேல் ஏறும் உயரத்தைத்தான் ஆறால் பெருக்க வேண்டும். அதே வேகத்தில் எம்பினாலும் எட்டு மீட்டரை ஒட்டித்தான் வரும். அந்த வேகம் வருவதே சந்தேகம். எடை ஆறில் ஒன்றானால் காலுக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பும் ஆறில் ஒன்று. உடலின் நிறையோ குறையவே இல்லை. வளைந்து ஓடிவந்து திரும்பும் அந்தக் கடைசி மூன்று எட்டில் கால் வழுக்கிவிடும்.

நம் இயக்குநர்களும் ஹாலிவுட் இயக்குநர்களும் கோட்டை விடுவது இந்த எடைக் கணக்கில்தான். குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ 1968-ல் வந்தது. விண்கலத்தின் சுழலும் சக்கரத்துக்குள் விண்வெளி வீரர் ஃப்ராங்க் பூல் காற்றில் குத்துவிட்டபடி ஓடும் காட்சிக்கு முழு மதிப்பெண். நிஜத்திலும் அது நடந்தது: 1973-ல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் முதல் குழுவினர் தண்ணீர்த் தொட்டி வளையத்தின் மேல் ஓடி, ஓட்டத்தாலேயே தங்களுக்கு எடையை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆனால் அதே படத்தில் நிலாத் தளத்துக் கூட்ட அறையில் அதிகாரிகள் சென்னைத் தலைமைச் செயலகத்தில் நடப்பதுபோல் நடக்கிறார்கள். 2009-ல் வந்த ‘மூன்’ படத்திலும் தளத்துக்குள் அப்படியே. வெளியே மெதுவாக மிதப்பு, கதவைச் சாத்தியதும் பூமி.

எதிர்கால விளையாட்டு என்றதும் 1975-ன் ‘ரோலர்பால்’ படத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. 2018-ல் நடக்கும் கதை. சக்கரக் காலணி, முள் கையுறை, மோட்டார் சைக்கிள், ரத்தம். ஆட்டத்தில் புதுமை ஒன்றுமில்லை, அடிதடிதான் கூடுதல். இதற்கு நேரெதிர் ராபர்ட் ஹைன்லைன் 1957-ல் எழுதிய ‘தி மெனஸ் ஃப்ரம் எர்த்’. நிலாவின் குகையில் பூமி அளவு காற்றை அடைத்து, மனிதர்கள் கையில் இறக்கை கட்டிப் பறக்கிறார்கள். எடை குறைவு, காற்றின் அடர்த்தி அதே, மனிதத் தசை போதும். ஒரே ஒரு விதியை மாற்றிவிட்டு, மீதி ஆட்டத்தை அதுவாகவே முளைக்க விடுகிறார். என் அளவுகோல் அதுதான்.

அந்தக் குகைக்குள் ஒரு கிரிக்கெட் மைதானம் போட்டுப் பாருங்கள். காற்று இருப்பதால் ஸ்விங் பழுதில்லை. பந்து மட்டையாளரை அடையும் அரை நொடியில் பூமியில் ஈர்ப்பு அதை ஒன்றேகால் மீட்டர் இறக்கும். இங்கே இருபது சென்டிமீட்டர்தான். வேகப்பந்து வீச்சாளர் பந்தைத் தரையை நோக்கிக் குத்த வேண்டும். குத்தினால் எழும் பந்து இறங்காமல் கீப்பர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். பவுன்சர் செத்தது, யார்க்கர் ராஜா. தூக்கிப் போட்டு ஏமாற்றும் ஸ்பின்னர் பாடு திண்டாட்டம்: பந்து கீழே வந்து சேர்வதற்குள் மட்டையாளர் தேநீர் குடித்துவிட்டு வரலாம். சிக்சருக்கு மதிப்பே இருக்காது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதே பெரிய வழக்காகிவிடும்.

அதைவிட இரண்டாவது ரன்தான் ஆபத்து. கிரீஸைத் தொட்டுத் திரும்ப வேண்டும், பிடிப்பு ஆறில் ஒன்று, உடலின் வேகம் அப்படியே. ஜடேஜா மாதிரி ஒருவர் பாயிண்டில் நின்றால் பந்து ஸ்டம்ப்புக்கு வந்து சேரும்போது நம்மவர் மறுபக்கம் சறுக்கிக்கொண்டே போய் அம்பயர் மேல் மோதியிருப்பார்.