சாட்சியும் பதிவேடும்

கிராமத்துப் பெந்தெகொஸ்தே சபையின் ஆண்டுவிழாவில் வாசிக்கப்படும் ‘சபை வரலாறு’ பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும்: ஓலைக் கொட்டகை, உபவாச ஜெபம், ஊரார் எதிர்ப்பு, ஒரு சுகம், இன்று கான்கிரீட் கூரை. ஞாயிறுதோறும் சொல்லப்படும் சாட்சிகளே இதற்கு மூலம். இதை ஏளனம் செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மிஷன் சபைப் பதிவேட்டில் ஒற்றை வரியாக நிற்கும் களையெடுக்கும் பெண், சாட்சி நேரத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, எந்த அறுவடைக்குக் காய்ச்சல் கண்டது, வட்டிக்காரர் வாசலில் என்ன பேசினார், யார் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள் என்று தன் வாயாலேயே சொல்கிறாள். குருமார் எழுதிய ஏட்டில் இது கிடைக்காது.

ஆனால் சாட்சி ஸ்தோத்திரத்தில் முடிந்தாக வேண்டும். சுகம் பெற்றவர் பேசுவார். ஜெபித்தும் இறந்துபோனவருக்காகப் பேச ஆளில்லை. சபை ஏன் இரண்டாயிற்று, மனை யார் பெயரில் பதிவானது என்பதெல்லாம் அதற்குள் வராது. பெந்தெகொஸ்தே வரலாற்றாசிரியர்கள் முன்னோடியாகக் காட்டும் 1860 எழுப்புதலையே பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெரு எழுப்புதலுக்கு (1906) 46 ஆண்டுகள் முன்பே திருநெல்வேலிச் சீமையில் அந்நிய பாஷை கேட்டது என்று இன்று சொல்ல முடிவதற்கு, கிறிஸ்தியான்பேட்டை ஊழியர் அருளப்பன் விட்டுச்சென்ற நாட்குறிப்பும் கடிதங்களும் முக்கியக் காரணம். ஜி. எச். லாங் அவற்றைத் தொகுத்து 1939இல் நூலாக்கினார். (அக்கடிதங்களும் ஆதரவாளர்களுக்கு எழுதிய சாட்சிகள்தானே என்று கேட்கலாம், ஆம், ஆனால் தேதியிட்ட சாட்சிகள்.)

குறைகளை எழுதிவைத்தால், ஜெபவீட்டுக்கு அனுமதி உண்டா என்று கிளம்புபவர்களுக்குப் பிடி கொடுத்ததாகும் என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் கலெக்டர் அலுவலகத்தில் சபையைக் காப்பது பத்திரமும் வீட்டுவரி ரசீதும்தான். தேதியில்லாச் சாட்சி அங்கே செல்லாது. ஆவியானவரின் கிரியைக்குக் கணக்கு எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. அப்படிக் கேட்பவர்களின் வேதத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் விதவைகளுக்கான பந்தி விசாரிப்பில் எழுந்த முறுமுறுப்பைச் சொல்கிறது. 15ஆம் அதிகாரத்தில் மாற்குவை அழைத்துப்போவதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் சண்டையிட்டுப் பிரிகிறார்கள், பர்னபா சீப்புருவுக்கு, பவுல் சீரியாவுக்கு. இருவரும் சமாதானமானதாக நடபடிகளை எழுதிய லூக்கா ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.