மலாக்கா வெயிலில் ஒரு கிண்ணம் செண்டோல்

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வெயில் என்றால் கித்தா (ரப்பர்) மரங்களுக்கு மேலே காய்வது. தம்பினில் பஸ் ஏறி, முதன்முறை தனியாக மலாக்காவுக்குப் போன அன்றுதான் அது தலையில் இறங்கியது.

1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர் என்று கைமாறிய துறைமுகம் அது. 1753இல் கட்டி முடித்த சிவப்புத் தேவாலயம், செயின்ட் பால் குன்று, சந்தியாகோ கோட்டைவாசல், மலாக்கா செட்டிகளின் 1781ஆம் ஆண்டு விநாயகர் கோயில் எல்லாம் நடந்தே பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்போது கைக்கு வந்தது ஒரு கிண்ணம் செண்டோல். பாண்டான் இலைச் சாறு சேர்த்துக் கிண்டிய அரிசி மாவைக் கண்ணுள்ள தட்டில் தேய்த்து, குளிர்ந்த நீரில் விழச் செய்கிறார்கள். நம் இடியாப்பத்துக்குத் தூரத்து உறவு. மேலே சீவிய ஐஸ், உப்பு தொட்ட தேங்காய்ப்பால்.

செண்டோலின் உயிர் இருப்பது கூலா மலாக்காவில். தென்னம்பாளையில் இறக்கிய பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி இறுக வைத்த வெல்லம். அதன் பாகில் லேசான புகை மணம். தித்திப்புக்குப் பின்னால் ஒரு சிறு கசப்பு. அந்தக் கசப்புதான் இனிப்பைத் திகட்டாமல் காக்கிறது.

மலாக்கா போனால், நடந்து களைத்த பிறகு இதைச் சாப்பிடுங்கள். முதல் கரண்டியை மட்டும் கலக்காமல் எடுங்கள். பாலும் பாகும் தனித்தனியே பேசும்.