'உடான்': சீருடைக்கு முந்திய கதை

இந்தியத் தொலைக்காட்சியை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் 'ராமாயண்' (1987–88), 'மகாபாரத்' (1988–90) ஆகிய இதிகாசத் தொடர்களிலேயே நின்றுவிடுகின்றனர். அவற்றின் நிழலில், 1989 முதல் 1991 வரை தூர்தர்சனில் ஒளிபரப்பாகி முடிந்துபோன 'உடான்' என்னும் இந்தித் தொடர் தமிழ் ஆய்வுலகில் ஏறத்தாழப் பேசப்படவே இல்லை. மொழி ஒரு காரணமாகலாம். ஆயினும், பெண்ணைக் காவல் அதிகாரியாகக் காட்டும் தமிழ்ப் படைப்புகளை மதிப்பிட விரும்புவோர்க்கு இத்தொடர் நல்லதோர் உரைகல்லாகும்.

'உடான்' என்பதற்குப் பறத்தல் என்பது பொருள். கல்யாணி சிங் என்னும் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாக உயர்வதே கதை. இதனை எழுதி, இயக்கி, கல்யாணியாக நடித்தவர் தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற கவிதா சௌத்ரி. தம் தமக்கை காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்வை அவர் அடிப்படையாகக் கொண்டார். கிரண் பேடிக்கு அடுத்து ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்த இரண்டாவது பெண் காஞ்சன். மாவட்ட ஆட்சியர் பாத்திரத்தில் இயக்குநர் சேகர் கபூர் நடித்தார்.

காவல்துறைத் தொடர் என்றவுடன் குற்றமும் துப்பும் கைதும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. 'உடான்' அவ்வழியிற் செல்லவில்லை. கல்யாணி சீருடை அணிவதற்கு முன்னரே நெடுந்தொலைவு கதை நகர்ந்துவிடுகிறது. ஆண்மகவைக் கொண்டாடும் குடும்பச் சூழல், மகளைப் படிக்கவைக்கத் துணியும் தந்தை, நிலத்தகராறு, அதனால் தந்தை தாக்கப்படுதல், முறையிடச் சென்ற இடங்களில் அதிகாரிகள் கைவிரித்தல் என அது விரிகிறது. இங்கே அநீதி கொடியவன் ஒருவனின் முகத்தோடு வரவில்லை. புகாரைப் பெற மறுக்கும் மேசையாக வருகிறது. எளியவன் அரசை முதன்முதலில் சந்திப்பது அந்த மேசையில்தான். கல்யாணி காவல் பணியைத் தேர்வது வீரத்தின்மீது கொண்ட காதலால் அன்று. அந்த மேசையின் மறுபக்கத்தில் அமரவேண்டும் என்னும் உறுதியால். இத்தொடரின் ஆகச் சிறந்த கருத்து இதுவே என்பது என் துணிபு.

ஒப்பீட்டுக்கு நாம் தொலைவில் செல்லவேண்டியதில்லை. 1990இல் விஜயசாந்தி நடிப்பில் தெலுங்கில் வெளியான 'கர்த்தவ்யம்', தமிழில் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என மொழிமாற்றம் பெற்றுப் பெருவெற்றி கண்டது. விஜயசாந்திக்கு அப்படம் தேசிய விருதையும் பெற்றுத்தந்தது. அதன் ஈர்ப்பு உடல்வலிமையில் உள்ளது. நாயகன் செய்துவந்த அடிதடியை நாயகி செய்கிறாள். அந்நாளில் அது புதுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆணுக்கென வெட்டித் தைத்த சட்டையைப் பெண்ணுக்கு அணிவித்த புதுமை அது. கல்யாணியோ படிக்கிறாள், தேர்வெழுதுகிறாள், காத்திருக்கிறாள், தயங்குகிறாள், தவறுகிறாள். அதிகாரம் அவளுக்குப் பழக்கப்படவேண்டிய ஒன்றாக இருக்கிறது. பின்வந்த தமிழ்ப் படங்கள் பல வைஜயந்தியின் வழியையே பின்பற்றின என்பது வருந்தத்தக்கது.

கவிதா சௌத்ரியின் முகம் பார்வையாளர்க்கு முன்பே அறிமுகமானது. சர்ப் சலவைத்தூள் விளம்பரத்தில் விலையையும் தரத்தையும் சீர்தூக்கிப் பேசும் 'லலிதாஜி' அவரே. கணக்கறிந்த இல்லத்தரசியாக வீடுதோறும் நுழைந்த அதே முகம் காவல் அதிகாரியாகவும் வந்தது. இல்லத்தையும் பணியையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கத்தை இது ஓரளவு தளர்த்தியிருக்கக்கூடும். விளம்பரம் தொடருக்குச் செய்த தற்செயலான உதவி என்று இதனைச் சொல்லலாம்.

மானிடவியலாளர் பூர்ணிமா மாங்கேக்கர், 1999இல் வெளிவந்த தம் நூலில், இக்காலத் தூர்தர்சன் தொடர்கள் படைத்த 'புதிய இந்தியப் பெண்' நாட்டுக்குத் தொண்டாற்றும் அளவிலேயே விடுதலை பெறுகிறாள் என்னும் கருத்துப்பட எழுதுகிறார். 'உடான்' அவர் ஆராயும் தொடர்களுள் ஒன்று. அவர் கூற்றில் உண்மையுண்டு. அரசு அலைவரிசையில் வந்த தொடர், அரசின் அமைப்பை அடியோடு கேள்விக்குட்படுத்தும் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது. எனினும், புகாரை ஏற்க மறுக்கும் அரசை அரசின் அலைவரிசையிலேயே காட்டியதை நாம் சிறிதெனத் தள்ளிவிடல் ஆகாது. பணியை ஏற்கும் கல்யாணியின் உள்ளத்தில் நாடு என்னும் பெருங்கருத்தைவிடத் தந்தையின் காயமே முன்நிற்கிறது. மாங்கேக்கரின் சட்டகத்துக்குள் இந்தத் தனிப்பட்ட வேதனை முழுமையாக அடங்கவில்லை எனத் தோன்றுகிறது.

தொடரின் குறை வேறிடத்தில் உள்ளது. தேர்வெழுதி மேல்நிலைக்கு வரும் ஒருத்தியின்மீதே அதன் பார்வை குவிகிறது. காவல் நிலையத்தில் நாள்முழுதும் நிற்கும் பெண் காவலர்களின் உலகம் அதற்குப் பொருளாகவில்லை. கோழிக்கோட்டில் இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இலேயே தொடங்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 1992இல் சென்னையில் முதல் மகளிர் காவல் நிலையம் அமைந்தது. சாதாரணப் பெண் ஒருத்தி அச்சமின்றி முறையிட வேண்டுமானால், மேலே அமர்ந்திருக்கும் ஓர் அதிகாரியைவிட இத்தகைய நிலையங்களில் பணிபுரியும் பல பெண்களே அவளுக்குத் தேவை. கல்யாணி மேசையின் மறுபக்கத்தை அடைந்துவிடுகிறாள். மற்ற மேசைகள் என்னவாயின என்பதற்குத் தொடரில் போதிய விடையில்லை.

காஞ்சன் 2004இல் உத்தராகண்ட் மாநிலக் காவல்துறையின் தலைமை இயக்குநரானார். இந்தியாவில் அப்பதவியை எட்டிய முதல் பெண் அவர். 2019இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, பெருந்தொற்று ஊரடங்கின்போது, தூர்தர்சன் 'உடா'னை மீண்டும் ஒளிபரப்பியது. கவிதா சௌத்ரி 2024 பிப்ரவரியில் காலமானார். மறு ஒளிபரப்பைப் பார்த்தபோது படப்பிடிப்பின் மெதுவான ஓட்டமும் அரங்கின் எளிமையும் பழமையாகவே தோன்றின. தந்தைக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் சிறுமியின் காட்சிகள் மட்டும் அவ்வாறு தோன்றவில்லை.