ஸ்லைடு திரும்பும் வழியில்

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் இரும்பை நம்பி வைத்துவிட்டுப் போக முடியாது. வருஷத்தில் பெரும்பாதி மழை. மழை விட்டாலும் கடற்காற்று விடாது. கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மெஷின் ஊசி என்று எதை எடுத்தாலும் முதலில் ஒரு மங்கல், பிறகு செம்புள்ளி. 1969 முதல் 1980 வரை முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களை அரசு இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. பஞ்சாபிகளோடும் மராட்டியர்களோடும் தமிழர்களும் வந்தார்கள். ஆகவே ஆயுதத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவது இந்த ஊர்ப் பெரியவர்களின் கைகளுக்குப் பழகிய வேலை. நானும் படையில் ஆர்மரர் வேலை பார்த்தவன். கோத் என்னும் ஆயுதக் கிடங்கில் என் கை பட்ட பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பிஸ்டலின் ரீகாயில் ஸ்பிரிங்.

நம் படையில் நெடுங்காலமாக இருப்பது 9 மி.மீ. 1ஏ பிஸ்டல். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் இஷாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரியில் செய்தது. அதன் பூர்வீகம் பெல்ஜியம். ஜான் பிரவுனிங் தொடங்கிய வடிவம் அது. 1926இல் லியேஜ் நகரில், எஃப்.என். கம்பெனியில் வேலையாக இருந்தபோதே அவர் இறந்துபோனார். அங்கேயே இருந்த த்யூதொன்னே சைவ் அதை முடித்துக் கொடுத்தார். 1935இல் 'ஹை பவர்' என்ற பெயரோடு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் டொரண்டோவில் இங்லிஸ் கம்பெனி அதைச் செய்தது. பிறகு இஷாப்பூர். இத்தனை கைகள் மாறியும் பேரலுக்கு அடியில் உள்ள ஏற்பாடு மாறவில்லை: ஒரு வழிகாட்டிக் கம்பி, அதன்மேல் ஒரு சுருள். அந்தக் கம்பியின் தலையில் மிளகளவு ஒரு எஃகுக் குண்டு, அதற்கும் தனியாக ஒரு குட்டி ஸ்பிரிங். பேரலுக்கு மேல் முன்பின் ஓடும் ஸ்லைடை நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் தானாக வெளியே நழுவாமல் பிடித்துவைப்பது அந்தக் குண்டுதான். பிரித்துத் துடைக்கும்போதெல்லாம் அதை நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பேன். உள்ளே போய் உடனே வெளியே வர வேண்டும். அழுக்கு அடைத்திருந்தால் அசையாது.

ரீகாயில் ஸ்பிரிங் எதற்கு என்று கேட்டால் 'உதையைத் தாங்க' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது பாதி பதில்தான். சுட்ட குண்டு பேரலை விட்டுப் போகும்போது ஸ்லைடு சில மில்லிமீட்டர்தான் பின்னால் நகர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வெடிப்பைப் பிடித்துவைப்பது ஸ்லைடும் பேரலும் பூட்டிக்கொண்டிருக்கும் அமைப்பும் அவற்றின் எடையும். ஸ்பிரிங்குக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஸ்லைடு பின்னால் ஓடும்போது அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. சேர்த்ததைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான் அதன் உண்மையான வேலை இருக்கிறது. மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவி, சரிவில் ஏற்றி, சேம்பரில் தள்ளி, எக்ஸ்ட்ராக்டரின் நகத்துக்குள் விளிம்பைப் புகுத்தி, பேரலைத் தூக்கிப் பூட்ட வேண்டும். அத்தனையும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கிறவர் மனதில் வைக்க வேண்டியது இந்தத் திரும்பும் வழியைத்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்பிரிங் வாங்குகிறவர்களுக்குக் கனமானதன்மேல்தான் ஆசை. அளவு பவுண்டில் சொல்வார்கள்: ஸ்லைடு முழுக்கப் பின்னால் வந்த நிலையில் சுருள் எவ்வளவு தள்ளுகிறது என்பது கணக்கு. பழைய .45 கோல்ட் 1911க்கு வழக்கமான அளவு 16 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்குச் சற்று மேல். ஹை பவருக்கு 17. 'இரண்டு மூன்று பவுண்டு கூட்டிப் போட்டால் ஃப்ரேம் அடிபடாதே' என்பார்கள். பின்னால் அடிப்பது குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் விசை முன்னால் வரும்போதும் இருக்கும். ஸ்லைடு மூடும்போது வாய் கீழே குத்தும். இலக்கிலிருந்து குறி இறங்கும். ஸ்லைடின் வேகத்துக்கு ஈடுகொடுத்து மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே கொண்டுவர முடியாமல் போகும். பலவீனமான தோட்டாவாக இருந்தால் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகவே போகாது. காலி உறை வாசலில் நட்டுக்கொண்டு நிற்கும்.

லேசான ஸ்பிரிங்கின் கேடு வேறு மாதிரி. ஸ்லைடு ஃப்ரேமில் மோதும். காலி உறை தூரப் போய் விழும். அழுக்கு கொஞ்சம் சேர்ந்துவிட்டால் கடைசி மில்லிமீட்டர் மூடாமல் நின்றுவிடும். தோட்டாவின் பலத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் என்றால், காலி உறைகள் சுடுகிறவரின் வலது பின்புறம், சில அடி தூரத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில் கிடக்கும். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கும்பலைத்தான், டார்கெட்டை அப்புறம். சிதறிக் கிடந்தால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது. எல்லா வேலையையும் தடுமாறாமல் முடிக்கும் ஸ்பிரிங்குகளில் எது லேசானதோ அதுவே நல்லது என்பது என் கட்சி.

ஹை பவரில் இன்னொரு நுணுக்கம். ஸ்லைடு பின்னால் வரும்போது ஹேமரையும் மடக்கி ஏற்றுகிறது. அதன் ஸ்பிரிங்கும் விறைப்பானது. ஸ்லைடின் வேகத்தில் ஒரு பங்கை அதுவும் விழுங்குகிறது. ஹேமர் இறங்கியிருக்க ஸ்லைடை இழுத்துப் பார்த்து 'ஸ்பிரிங் நல்ல டைட்' என்று சொல்கிறவர்கள் இரண்டு ஸ்பிரிங்குகளைச் சேர்த்துத்தான் இழுக்கிறார்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஹேமரை ஏற்றி வைத்துவிட்டு இழுத்தால்தான் ரீகாயில் ஸ்பிரிங் மட்டும் கைக்குத் தெரியும். அப்படியே வாயை மேலே தூக்கிப் பிடித்து, ஸ்லைடைக் கையோடு மெதுவாக முன்னால் விட வேண்டும். தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு போய் முழுதாக மூடினால் ஸ்பிரிங்குக்கு உயிர் இருக்கிறது. கடைசியில் தயங்கி நின்றால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

இனி கம்பி. சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் கூடும். இரண்டு சதவீதம் தேய்ந்தால் எட்டு சதவீதம் போய்விடும். எங்கள் ஊர்க் காற்றில் வாழ்கிறவர்கள் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டும். துரு தெரிந்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது இங்கே பலருக்கு வழக்கம். வேறு எதற்கும் செய்யுங்கள், ஸ்பிரிங்குக்குக் கூடாது. தேய்ப்பது பலத்தைத் தின்கிறது. தாளின் ஒவ்வொரு கீறலும் விரிசல் தொடங்கும் இடமாகிறது. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துருநீக்கி ஆசிடிலோ ஊறப்போடுவது இன்னும் மோசம். அமிலம் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வெளிவந்து கடின எஃகுக்குள் புகுந்து அதை முறியக்கூடியதாக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் இரண்டாக உடையும்.

மேலாக ஒரு படலம் என்றால் சிறு துணித் துண்டில் எண்ணெய் தொட்டு, சுருளைத் திருகியபடி துடைத்தால் போதும். நகத்தை ஓட்டும்போது குழி தட்டினால் அந்த ஸ்பிரிங்கைத் தூக்கி எறிவதுதான் வைத்தியம். தேங்காய் எண்ணெய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அதைப் போடாதீர்கள். நாளடைவில் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். மெல்லிய ஆயுத எண்ணெய், விரலில் ஈரம் தெரியும் அளவு. சொட்டக் கூடாது. தோல் உறைக்குள் பிஸ்டலை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் இங்கே ஆகாது. தோல் ஈரத்தை வாங்கிவைத்து இரும்புக்குக் கொடுக்கும்.

பியானோ கம்பி என்று சொல்லப்படும் உயர்கார்பன் எஃகுதான் பழைய, நல்ல பொருள். குரோம் சிலிக்கான் எஃகு சூட்டையும் உழைப்பையும் கூடுதலாகத் தாங்கும். ஸ்டெயின்லெஸ் துருவை நன்றாக எதிர்க்கும். உப்புக்காற்றில் அதுவும் முழுக்கத் தப்பாது. பல இழைகளை முறுக்கிச் சுற்றிய வகையும் உண்டு. ஏ.கே.-47 பிரித்தவர்கள் அதன் ஹேமர் ஸ்பிரிங்கில் பார்த்திருப்பார்கள். ஒரு இழை அறுந்தாலும் மற்றது வேலையைத் தொடரும். முறுக்கிய ஜடைபோல அது கையில் படுத்திருக்கும் அழகுக்காகவே நான் அதைச் சற்று நேரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வயதை எப்படி அறிவது? பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பார்ப்பது வழக்கம். அதில் ஒரு ஏமாற்று உண்டு. புதுச் சுருள் முதல் சில அமுக்கலிலேயே கொஞ்சம் குறுகும், பிறகு அதிலேயே நிற்கும். அது தளர்ச்சி ஆகாது. ஆகவே பழையதை, ஒரு மேகசினாவது சுட்டு அமர்ந்துவிட்ட ஸ்பிரிங்கோடு ஒப்பிட வேண்டும். கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுருள்களின் இடைவெளி ஒரு பக்கம் நெருங்கி இருப்பது தெரியும். அமுக்கி வைத்திருப்பதால் நல்ல ஸ்பிரிங் அவ்வளவு கெடாது. திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான் அதைக் களைக்க வைக்கிறது. பெரிய பிஸ்டலில் மூவாயிரம் முதல் ஐயாயிரம் ரவுண்டு வரை என்பது பொதுக் கணக்கு. சின்ன பிஸ்டலில் சுருளுக்கு இடம் குறைவு, அமுக்கம் அதிகம். அதனால் அதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

விளையாட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கு இது வெற்றி தோல்வி விஷயம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் நம் ராணுவத்தின் விஜய் குமார் வெள்ளி வாங்கினார். நான்கு விநாடிக்குள் ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. சுடுவது .22. அதன் உதை சிறியது. ஸ்பிரிங்கும் அதற்கேற்ப லேசாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி திரும்பினால்தான் குறி அடுத்த இலக்குக்குத் தடங்கலின்றி நகரும்.

லைசென்ஸ் வைத்திருக்கும் தனியாருக்கு 9 மி.மீ. கிடையாது, .32தான் வழக்கம். அவர்கள் ஸ்பிரிங்கை அந்த மாடலுக்கென்றே செய்ததாக, லைசென்ஸ் உள்ள டீலரிடம் வாங்க வேண்டும். நீளமானதை வாங்கி வெட்டிப் போடுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். சுருள் குறைந்தால் மிச்சம் இருப்பது இன்னும் விறைப்பாகும், ஆனால் ஸ்லைடு மூடிய நிலையில் அதைப் பிடித்துவைக்கும் அழுத்தம் குறைந்துபோகும். ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றும்போது மேகசின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஒன்று கொண்டுவந்து வைப்பதைத்தான் மற்றது எடுத்துத் தள்ளுகிறது. மாற்றிய தேதியையும் அன்றிலிருந்து சுட்ட ரவுண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் ஊருக்குச் சாமான் கப்பலில்தான் வர வேண்டும்; ஆகவே அடுத்த ஸ்பிரிங்கை இப்போதே வாங்கி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.