மனோராவில் கடல் பார்ப்பது

சென்னை அபிராமபுரத்திலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை நடைதூரம்தான். ஆனாலும் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் நான் மல்லிப்பட்டினம் பக்கத்து மனோராவுக்குத்தான் போவேன். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம் அது. அதன் எதிரே விரியும் பாக் விரிகுடாவில் வங்கக் கடலின் முரட்டு அலை இல்லை. ஆழம் குறைவு, அடியில் கடற்புல். அந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா வாழ்கிறது.

கடற்பசு என்று பாடநூல் சொல்லும் ஆவுளியா, யானைக்குத் தூரத்து உறவு. நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் புல் மேயும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்குத் துளைகளை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சுவிட்டு மூழ்கிவிடும். திமிங்கிலத்தைப் போல் நீரைப் பீய்ச்சாது, ஓங்கிலைப் போல் துள்ளாது. கரையில் நிற்பவர் கண்ணில் படுவது மிக அரிது. அதனாலேயே இங்கே பார்வை கூர்மையாகிறது: நீரின் நிறம் எங்கே கறுக்கிறது, ஆலா எங்கே பாய்கிறது, கரையில் ஒதுங்கிய புல் இன்னும் பச்சையாக இருக்கிறதா என்றெல்லாம் கவனிக்கத் தோன்றும். படகில் விரட்டிக் காட்டும் சுற்றுலாவில் இந்தச் சுகம் கிடைக்காது.

2022 செப்டம்பரில் தமிழக அரசு இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும் உயிருக்கு அது அவசியம். ஆனால் நான் அதிகம் மதிப்பது, சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்தே விடுவிக்கும் இப்பகுதி மீனவர்களைத்தான். அறுந்த வலையின் விலை அவர்களுக்குத்தான் தெரியும்.