கையால் ஏறும் டயர் எது?

ரோடு பைக் டியூப்லெஸ் டயர் விற்பவர்கள் வேகத்தையும் எடையையும் பற்றிப் பேசுகிறார்கள். வாங்கியவர்கள் கட்டைவிரலைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசி ஒரு சாண் டயர் ரிம்முக்குள் இறங்க மறுத்து, விரல் தோல் உரிந்து, பிளாஸ்டிக் லீவர் இரண்டாக முறிந்த கதை அநேகமாக எல்லாரிடமும் உண்டு.

வீட்டில் இப்படி நடந்தால் எரிச்சலோடு போய்விடும். சாலையில் நடந்தால் அப்படியல்ல. நம் ஊர்ச் சாலைகளில் பங்க்சருக்கு முக்கியக் காரணம் சீமைக் கருவேல முள். இன்னொன்று, வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்து கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பி. இரண்டும் போடுகிற சிறு துளைகளை டியூப்லெஸ் டயருக்குள் இருக்கும் சீலண்ட் திரவம் பெரும்பாலும் தானே அடைத்துவிடும். கண்ணாடித் துண்டு டயரைக் கிழித்துவிட்டால் சீலண்ட் கைவிட்டுவிடும். அப்போது டயரைக் கழற்றி, உள்ளே ஒரு டியூபைப் போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (நெடுந்தூர சைக்கிள்) பயணத்தை 20 மணி நேரத்தில் முடித்தாக வேண்டிய ஒருவர், நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரம் டயரோடு மல்லுக்கட்டினால் கடிகாரம் காத்திருக்காது.

அதனால் இந்த விமர்சனத்தில் கேள்வி ஒன்றுதான்: எந்த டயர் கையால் ஏறி, கையால் இறங்குகிறது?

இறுக்கம் எங்கிருந்து வருகிறது?

700சி சக்கரத்தில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 1,954 மில்லிமீட்டர். டயரின் உள்விளிம்பில் ஓடும் வளையத்தைப் பீடு என்கிறோம். டியூப் டயரில் பீடு சற்றுத் தளர்வாக இருந்தாலும் காற்று டியூபுக்குள் பத்திரமாக இருக்கும். டியூப்லெஸ்ஸில் காற்றைப் பிடித்து வைத்திருப்பதே பீடும் ரிம்மும் ஒட்டுகிற அந்த விளிம்புதான். ஆகவே டியூப்லெஸ் பீடை அராமிட் போன்ற நீளாத இழையால் செய்கிறார்கள். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபட்டால் பீடின் நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடும். நீளாத வளையத்தில் இது பெரிய விஷயம். டயர் சுலபமாக ஏறுவதற்கும் லீவர் முறிவதற்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்தச் சின்னக் கணக்குதான்.

நீளாத வளையம் ரிம்மின் உயரமான விளிம்பைத் தாண்டி எப்படி உள்ளே போகிறது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பக்கம் பீடைப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். பள்ளம் ஆழமானால் வேலை எளிது. பள்ளம் மேலோட்டமாக இருந்தாலோ, தடித்த டேப்பைச் சுற்றி அதை மேடாக்கியிருந்தாலோ எந்த டயரும் முரண்டு பிடிக்கும். கல்யாணத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல இங்கே ரிம், டேப், டயர் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். “இந்த டயர் ரொம்ப இறுக்கம்” என்று யாராவது சொன்னால், “எந்த ரிம்மில்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

நிலைமை எப்படி மாறியது?

மலைச் சைக்கிள்களுக்கு மாவிக் நிறுவனம் யு.எஸ்.டி. என்ற டியூப்லெஸ் முறையை 1999இல் கொண்டுவந்தது. ரோடு பைக்குக்கு ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து 2006இல் வழி திறந்தன. ஆனால் ரிம் செய்பவர் ஓர் அளவிலும் டயர் செய்பவர் வேறோர் அளவிலும் நின்றதால் பல ஆண்டுகள் சாதாரண ஓட்டுநர்கள் இதை நெருங்கவில்லை. 2017இல் மாவிக் ரோடு யு.எஸ்.டி.யை அறிமுகம் செய்தபோது ரிம்மையும் டயரையும் ஒரே அளவுக் கட்டுப்பாட்டில் செய்து, கையால் மாட்டலாம், சாதாரண ஃப்ளோர் பம்பால் காற்றடிக்கலாம் என்றது. மாட்டும் எளிமையே விற்பனை வாக்குறுதியாக மாறியது அப்போதுதான்.

கான்டினென்டல் 2018இல் வெளியிட்ட ஜி.பி.5000 டி.எல். வேகத்துக்குப் பெயர் பெற்றது. இறுக்கத்துக்கும் அதே அளவு பெயர் பெற்றது. 2021இல் அதன் இடத்துக்கு வந்த ஜி.பி.5000 எஸ் டி.ஆர். எடை குறைந்தது, மாட்ட எளிது என்று நிறுவனமே முன்வைத்தது. ஷ்வால்பே தன் வரிசைக்கு வைத்த டி.எல்.இ. என்ற குறியீட்டின் பொருளே ‘டியூப்லெஸ் ஈஸி’. டயரின் பக்கச்சுவரில் இந்தக் குறியீடுகளைப் பார்த்து வாங்குவது முதல் படி. பழைய கையிருப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் கடைகளில் டி.எல்., டி.ஆர். வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

சோதித்த விதம்

எல்லா டயரும் 28 மில்லிமீட்டர் அகலம். இரண்டு சக்கரங்களில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று, உள் அகலம் 19 மில்லிமீட்டர் கொண்ட, கொக்கி விளிம்பும் ஆழமான பள்ளமும் உள்ள அலுமினிய ரிம். மற்றொன்று, உள் அகலம் 23 மில்லிமீட்டர் கொண்ட, பள்ளம் ஆழம் குறைந்த ஹூக்லெஸ் (கொக்கி விளிம்பில்லாத) கார்பன் ரிம். முதலில் வெறும் கை, முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் லீவர். காற்றுக்கு ஃப்ளோர் பம்ப் மட்டும், கம்ப்ரஸர் கிடையாது. ஓட்டிய பிறகு கழற்றுவதும் சோதனையில் சேர்த்தி.

ஷ்வால்பே புரோ ஒன் டி.எல்.இ.: பெயருக்கு நியாயம் செய்கிறது. அலுமினிய ரிம்மில் கட்டைவிரல் பலத்திலேயே இறங்கியது. கார்பன் ரிம்மில் கடைசிச் சில அங்குலம் உள்ளங்கையால் உருட்டித் தள்ள வேண்டியிருந்தது, லீவர் தேவைப்படவில்லை. ஃப்ளோர் பம்பை வேகமாக அடித்ததும் ‘டப், டப்’ என்று பீடு இருக்கையில் அமர்ந்தது. சாலையில் மிருதுவாக ஓடுகிறது.

கான்டினென்டல் ஜி.பி.5000 எஸ் டி.ஆர்.: 28 அளவுக்கு நிறுவனம் சொல்லும் எடை 280 கிராம். ஆழமான பள்ளமுள்ள ரிம்மில் கையால் ஏறியது. கார்பன் ரிம்மில் முடிவில் ஒரு லீவரின் உதவி வேண்டியிருந்தது, மல்லுக்கட்டு இல்லை. உட்கார்ந்தபின் காற்றை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. வேகமாக உருள்வதிலும் ஈரச் சாலைப் பிடிப்பிலும் நான்கு டயர்களில் இதற்கே என் ஓட்டு.

விட்டோரியா கோர்சா நெக்ஸ்ட்: விட்டோரியாவின் உயர்வரிசைக் கோர்சா டயர்களில் பருத்தி இழை இருக்கும், இதில் நைலான். அதனால் பந்தய டயர் அளவுக்கு நொய்மையில்லை, விலையும் சற்று இறங்கி வருகிறது. மாட்டும்போது விளிம்பு வளைந்து கொடுத்தது. இரண்டு ரிம்மிலும் வெறும் கை போதுமானதாக இருந்தது.

பிரெல்லி பி ஸீரோ ரேஸ் டி.எல்.ஆர்.: ரப்பருக்குள் அராமிட் இழை கலந்த உறை. கையில் எடுத்தாலே கட்டுறுதி தெரிகிறது. அந்தக் கட்டுறுதி மாட்டும்போது சாதகமாகவே அமைந்தது: டயர் தன் வடிவத்தில் விறைப்பாக நிற்பதால் ஃப்ளோர் பம்பின் முதல் சில அடிகளிலேயே காற்றைப் பிடித்தது. அலுமினிய ரிம்மில் கை, கார்பனில் ஒரு லீவர். சரளைக் கற்கள் சிதறிய நெடுஞ்சாலை ஓரங்களில் கவலையில்லாமல் ஓட்ட முடிந்தது.

எளிமைக்கும் எல்லை உண்டு

தானாகவே விழுகிற மாதிரி ஏறும் டயர் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பீடு தளர்வாக இருந்தால் அடிக்கும் காற்றெல்லாம் ஓரம் வழியாகப் போய்விடும். ஃப்ளோர் பம்பால் டயர் உட்காராது. அதைவிட மோசம், ஓட்டத்தில் காற்று குறைந்தால் பீடு ரிம்மை விட்டு நழுவலாம். கையால் ஏற வேண்டும், கொஞ்சம் எதிர்க்கவும் வேண்டும். அதுதான் சரியான பொருத்தம்.

ஹூக்லெஸ் ரிம் வைத்திருப்பவர்களுக்கு இது உயிர் விஷயம். அங்கே அதிகபட்ச அழுத்தம் 5 பார், அதாவது ஏறத்தாழ 73 பி.எஸ்.ஐ. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரக டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து கழன்று கிடந்த படங்கள் பெரிய விவாதத்தைக் கிளப்பின. ரிம் நிறுவனமும் டயர் நிறுவனமும் வெளியிடும் பொருத்தப் பட்டியல் இரண்டையும் பார்த்த பிறகே ஹூக்லெஸ்ஸில் எந்த டயரையும் மாட்டுங்கள். பழைய ஜி.பி.5000 டி.எல். ஹூக்லெஸ்ஸுக்கானது அல்ல, எஸ் டி.ஆர். அனுமதிக்கப்பட்டது.

மாட்டும் முறை

டயரை வாங்கியதும் மடிப்பைப் பிரித்து அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். ரப்பர் இளகும், மடிப்பு நேராகும். அடுத்து ரிம் டேப்பைப் பாருங்கள். துணி டேப்போ, பல சுற்று டேப்போ இருந்தால் உரித்துவிட்டு, உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலான மெல்லிய டியூப்லெஸ் டேப்பைப் பள்ளத்தோடு ஒட்ட இழுத்துச் சுற்றுங்கள். இறுக்கப் புகார்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

பீடை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வருகே முடியுங்கள். வால்வின் அடிக்கட்டை பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பீடு ஆழமாக இறங்காது. கடைசி இழுப்பு வால்வருகே வரும்போது எதிர்ப்பக்கம் முழுவதும் பள்ளத்தில் இருக்கும். தளர்வெல்லாம் உங்கள் விரலுக்கு வந்துசேரும். நடுநடுவே டயரைக் கிள்ளிக் கிள்ளிப் பள்ளத்துக்குத் தள்ளிவிட மறக்காதீர்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். உலோக லீவர் வேண்டவே வேண்டாம். டேப்பைக் கிழிக்கும், கார்பனைக் கீறும்.

காற்றடிக்கும்போது வால்வின் உள்கட்டையைக் கழற்றிவிட்டால் காற்று தடையில்லாமல் பாயும். அப்படியும் உட்காரவில்லையா? ஒரு பிரெஸ்டா வால்வு அடாப்டரை எடுத்துக்கொண்டு பக்கத்து பங்க்சர் கடைக்குப் போங்கள். கார் டயருக்கான கம்ப்ரஸர் நொடியில் வேலையை முடிக்கும். ஆனால் ரிம், டயர் இரண்டிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தில் குறைவானதைத் தாண்டவிடாதீர்கள். சீலண்ட் 30 முதல் 40 மில்லி போதும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

யார் எதை வாங்கலாம்?

முதன்முறையாக டியூப்லெஸ்ஸுக்கு வருபவருக்கு ஷ்வால்பே புரோ ஒன் டி.எல்.இ. வேகமே முக்கியம், ரிம்மின் பள்ளமும் ஆழம் என்றால் ஜி.பி.5000 எஸ் டி.ஆர். இரவு பகலாக நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு பிரெல்லி. பட்ஜெட்டைப் பார்த்து, தினமும் ஓட்டுபவருக்கு கோர்சா நெக்ஸ்ட். வாரத்தில் ஒரு நாள் நல்ல சாலையில் சின்ன தூரம் ஓட்டுபவர் டியூப்லெஸ்ஸுக்கே வர வேண்டாம். நல்ல டியூப் டயரும் எடை குறைந்த டி.பி.யூ. டியூபும் அவருக்குத் தாராளம்.

எதை வாங்கினாலும் சக்கரத்தைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததோடு விடாமல், வீட்டுக்கு வந்து நீங்களே ஒருமுறை கழற்றி, டியூபைப் போட்டு, திரும்ப மாட்டுங்கள். அது உங்கள் கையால் முடியவில்லை என்றால் அந்த டயர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் நீண்ட பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.